மொரியார்ட்டிக்காக ஒரு மன்றாட்டு

நோரீன் கியோ தன் வீட்டு வாசலில் ஒரு குழாய் வேலைக்காரரை மறித்துத் திருப்பி அனுப்பிய கதை, சிட்னியின் மேற்கே டூங்காபியில் அவருடைய தெருக்காரர்களுக்கு இன்றும் மறக்கவில்லை. அது 2010ஆம் ஆண்டு, குளிர் எலும்பில் ஏறும் ஜூலை மாதத்துக் காலை. வெந்நீர்த் தாங்கி முதல்நாள் வெடித்துவிட்டது. வந்தவர் நல்ல மனிதர். சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றி வைத்தார். அவருடைய சட்டைப் பையின் மேல் நூலால் தைத்திருந்த பெயரை நோரீன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார். மொரியார்ட்டி. கதவு சாத்தப்பட்டது. வேறொருவர் கிடைக்கும்வரை வீட்டார் அத்தனை பேரும் கேத்திலில் சுடவைத்த தண்ணீரை வாளியில் கலந்து குளித்தார்கள்.

அந்த வீட்டார் என்போர் நோரீன், அவர் மகன் டெஸ், மருமகள் பிரியந்தினி, ஏழு வயதுப் பேத்தி யாழினி. பிரியந்தினி கிளிநொச்சியில் பிறந்தவள். வெஸ்ட்மீட் மருத்துவமனையில் மருந்தாளர்.

"என்ன மாமி, அந்தாள் என்ன பிழை செய்தது?" என்று அவள் கேட்டாள்.

"அந்தாள் ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை. அந்தாளின்ரை பேர் செய்தது."

நோரீனுக்குத் தமிழ் தெரியாது. 'சோறு', 'போதும்' என்ற இரண்டு சொற்களைத் தேவை கருதிக் கற்றிருந்தார். ஆனால் பத்தாண்டுக்கு மேல் ஒரே குசினியில் அடுத்தடுத்து நின்று சமைத்ததன் பலனாக, மாமியின் ஆங்கிலம் பிரியந்தினியின் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழும். இங்கும் அதுவும் மற்றப் பெரியவர்களின் ஆங்கிலமும் அவள் கேட்டபடியே தரப்படுகின்றன.

டெஸ் உண்மையிலேயே தமிழ் பேசுவார். கிளிநொச்சியிலிருந்த தன் மாமியாரோடு தொலைபேசியில் பேசிப் பேசிக் கற்றது அது. ஆகையால் மாமியாரோடு பேசும் மரியாதையை அவர் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் வைப்பார். "பூனையார் சாப்பிட்டிட்டாரோ?" என்பார். அன்றிரவு மனைவியின் கேள்விக்கும் அப்படியே பதில் சொன்னார்.

"அது பெரிய கதையுங்கோ. அம்மாவின்ரை தங்கச்சி ஐலீன் அன்ரி ஒரு மொரியார்ட்டியாரைக் கலியாணம் கட்டினவா. அண்டையிலயிருந்து ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை. நான் அவவைக் கண்டதே இல்லை."

"எப்ப கட்டினவா?"

"ஐம்பத்திரண்டிலை."

"ஐம்பத்திரண்டோ! மொரியார்ட்டியிலை அப்பிடி என்ன குற்றம்?"

"அம்மப்பாவுக்கும் மொரியார்ட்டியாருக்கும் அயர்லாந்திலை பகை."

"என்ன பகை?"

டெஸ் கையை விரித்தார். "அது தெரியாதுங்கோ."

தெரியாது என்ற சொல்லோடு திருப்தி அடையும் பழக்கம் பிரியந்தினிக்கு இல்லை. அன்று தொடக்கம் சமயம் வாய்க்கும்போதெல்லாம் அவள் கேட்டறிந்தது இது.

நோரீன் 1928இல், துறைமுகத்தை ஒட்டிய பால்மெய்னில் பிறந்தவர். தந்தை டிம் ஃபோலி கப்பல்துறையில் மூட்டை சுமந்தார். அயர்லாந்தின் தென்மேற்கே கெரி என்னும் மாவட்டம் அவர் ஊர். அங்கே 1922இல் உள்நாட்டுப் போர் மூண்டது. பிரித்தானியரை எதிர்த்து ஒரே வைக்கோற் போருக்குள் ஒளிந்து கிடந்தவர்கள், பிரித்தானியரோடு செய்த ஒப்பந்தத்தை ஏற்பதா மறுப்பதா என்பதில் இரண்டாகப் பிளந்து, ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். ஏற்றவர்களுக்கு அரசாங்கமும் பச்சைச் சீருடையும் கிடைத்தன. மறுத்தவர்களுக்கு மலையும் காடும். போர் ஓய்ந்த பின் டிம் ஃபோலி கப்பலேறிச் சிட்னிக்கு வந்து, இங்கேயே பிறந்து வளர்ந்த ஒருத்தியை மணந்து இரண்டு பெண்களைப் பெற்றார். ஊருக்குத் திரும்பவில்லை. ஊரைப் பற்றி வாய் திறக்கவுமில்லை.

ஆனால் ஒவ்வொரு மாலையும் செபமாலை முடிந்ததும், மனைவி மக்கள் முழந்தாளில் நிற்க, மேலதிகமாக ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுவார். அதற்கு முன்னால் தன் தாய்மொழியில் ஒரு வரி: "ஏர் சொன் மொயிரிஹாரீன்." அந்த மொழி மனைவிக்கும் தெரியாது, மக்களுக்கும் தெரியாது. முதல் இரண்டு சொல்லும் 'இவருக்காக' என்று பொருள்படும் என்பதைப் பிள்ளைகள் ஊகித்தார்கள். மூன்றாவது மொரியார்ட்டி. கெரியில் மொரியார்ட்டிகள் நிறையப் பேர் என்பதும், ஃபோலி என்ற பெயர் அந்த மொழியில் வேறு ஒலி பெறுவது போல மொரியார்ட்டியும் பெறும் என்பதும் அவர்கள் அறிந்ததே. நோரீன் ஒன்பது வயதில் ஒருமுறை, "ஆரப்பா அது?" என்று கேட்டாராம். தந்தை எழுந்து வீட்டின் பின்கோடிக்குள் போய் நின்றவர், தேநீர் ஆறி ஆடை படியும்வரை உள்ளே வரவில்லை. பிறகு யாரும் கேட்கவில்லை.

கேட்க முடியாத இடத்தில் கதை முளைக்கும். குடும்பத்தில் அந்தக் கதைக்கு மூன்று பாடங்கள் வழங்கின. மொரியார்ட்டி காட்டிக்கொடுத்தவன் என்பது முதலாவது. மொரியார்ட்டி அரசாங்கப் படை அதிகாரி, மலையிலிருந்த டிம் ஃபோலி அவனைச் சுட்டுவிட்டார் என்பது இரண்டாவது. மூன்றாவது நோரீனுடையது: மொரியார்ட்டி தந்தையைக் கொல்லத் தேடியவன், பகைவனை நேசி என்ற வேதவாக்கின்படி தந்தை அவனுக்காகவே மன்றாடினார். மூன்றும் ஒத்துப்போன இடங்கள் இரண்டுதான். தந்தை மலைப் பக்கத்து ஆள். மொரியார்ட்டி எதிரி. எந்தப் பாடத்திற்கும் ஆதாரமாகத் தந்தையின் வாய்ச்சொல் ஒன்றுகூட இல்லை என்பதைப் பிரியந்தினி கவனித்தாள்.

"பிழையாய்க் கேட்டிருக்க மாட்டியளோ மாமி?" என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டும் பார்த்தாள்.

"நானோ?" நோரீன் சிரித்தார். "பதினாலு வருசம் தொலைபேசி நிலையத்திலை இருந்தனான். ஒருக்காலும் பிழையான இலக்கத்துக்குக் குடுத்ததில்லை. இடியிலும் மழையிலும் மெல்பர்ன் லைனிலை ஒரு சனம் குசுகுசுத்தாலும் எனக்கு விளங்கும்."

அது வெறும் பெருமையல்ல. பதினாறு வயதில் சிட்னி நகர நிலையத்தில் சேர்ந்து, வெளியூர் அழைப்புகளை இணைக்கும் பலகைக்கு விரைவில் உயர்ந்தவர் அவர். மணமான பெண் அரசாங்க வேலையில் இருக்கக் கூடாது என்ற அக்காலச் சட்டத்தால் 1958இல் விலகினார். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலைபார்த்த ஃபிராங்க் கியோவுக்கு மனைவியானார். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் இருபது ஆண்டு பாண் வெட்டினார். கணவரை அடக்கம் செய்தார். இலங்கையிலிருந்து வந்த மருமகளை முதல்நாளே, "உனக்கு உறைப்பு வேணும், எனக்கு உப்பு வேணும், ரெண்டு சட்டி வைப்பம்" என்று ஏற்றுக்கொண்டார். யாரையும் வாசலோடு அனுப்பாத மனுஷி, இருவரைத் தவிர. ஒருவர் அந்தக் குழாய் வேலைக்காரர். மற்றவர் கொன் மொரியார்ட்டி என்ற தச்சர்.

தந்தை இறந்த மறு ஆண்டு ஐலீன் அவரைக் கட்டப்போவதாகச் சொல்லி வீட்டுக்குக் கூட்டிவந்தார். தாய் முன்பே போய்விட்டதால் வீட்டுக்குப் பெரியவர் நோரீன்தான், இருபத்துநான்கு வயதில். வாசலைவிட்டு நகராமல், "அப்பா இருந்த கதிரையிலை ஒரு மொரியார்ட்டி இருக்க ஏலாது" என்றார். "அப்பா ஒரு மொரியார்ட்டிக்காகத்தானே மன்றாடினவர், நோரீன்!" என்று ஐலீன் கெஞ்சினார். "மன்றாடினவர். பொம்பிளை குடுக்கேல்லை." ஐலீன் உள்ளே போய்க் குளிர்க்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினார். மெல்பர்னில் கலியாணம் நடந்தது.

2012ஆம் ஆண்டு பெப்ரவரியில், மெல்பர்னின் மேற்கு ஓரத்தில் புதிதாய் முளைத்த ட்ருகனினாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஐலீனின் பேத்தி கிளேர். கொன் தாத்தா இறந்து இரண்டு வருடம். ஐலீன் இப்போது தன்னோடு இருக்கிறார். மே மாதம் இருதய வால்வு மாற்ற வேண்டும். எண்பத்தொரு வயதில் வைத்தியர்கள் உறுதி எதுவும் சொல்லவில்லை. "அதுக்கு முதல் அக்காவை ஒருக்காப் பாக்கவேணும் எண்டு சொல்லுறா."

நோரீன் மறுமுனையைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "அவவுக்குச் சுகம் வர நான் மன்றாடுறன். ஆனா அந்த வீட்டுப் படி ஏறமாட்டன்" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு மருமகளிடம், "நாளைக்கு மேலை போய் அப்பாவைக் கண்டா நான் என்ன சொல்லுறது, பிள்ளை? அவற்றை எதிரி வீட்டிலை போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தனான் எண்டோ?" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை என்பதே பிரியந்தினியைக் குடைந்தது. கோபமென்றால் ஆறும். இது கடமை. மே மாதத்திற்குள் இந்தக் கடமையின் முடிச்சு அவிழாவிட்டால் இரண்டு கிழவிகளும் முகம் பாராமலே போய்விடுவார்கள்.

முடிச்சின் நுனி அவளுக்குக் கிடைத்தது சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க் கோயிலில்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு. அர்ச்சனைச் சீட்டை யாழினியின் கையில் கொடுத்து வரிசையில் நிறுத்திவிட்டு, பிரியந்தினி கால் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது வரிசை முன்னேறி, ஐயர் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யார் பேருக்கும்மா? பேர், நட்சத்திரம் சொல்லு."

"தம்பி. கேட்டை."

"உன் தம்பியா? சரி, தம்பி பேர் என்ன?"

"நோ, இட்ஸ் மை அங்கிள். பேரே தம்பிதான்."

ஐயர் சிரித்தார். "அங்கிள் எப்படிம்மா தம்பி ஆவார்? நல்ல பேர் ஒண்ணு இருக்குமே?"

"தம்பிதான்" என்று யாழினி அடம்பிடித்தாள். "அம்மா எவ்ரி டே தம்பிக்காகத்தான் கும்பிடுறவ."

பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்தார்கள். ஐயர் தோளைக் குலுக்கிவிட்டு, "ஜ்யேஷ்டா நக்ஷத்ரே ஜாதஸ்ய, தம்பி நாமதேயஸ்ய" என்று தொடங்கினார். பிரியந்தினி தூணருகே நின்றுவிட்டாள்.

அவள் தம்பி இயக்கத்தில் இருந்தவன். போர்க்காலத்தில் கிளிநொச்சியிலிருந்து வரும் அழைப்பில் தாய் முதலில் சொல்லுவது, "பேர் சொல்லிக் கதைக்காதை, கேட்டுக்கொண்டிருப்பாங்கள்" என்பதே. எனவே அவன் 'தம்பி' ஆனான். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. தாயும் மறு ஆண்டு கண்ணை மூடிவிட்டார். அர்ச்சனை உயிரோடிருப்பவர்க்குச் செய்வது. அதனால் பிரியந்தினி அர்ச்சனையே செய்துவந்தாள். பெயரை மட்டும் வாய் பழகவில்லை. இங்கே பிறந்த பிள்ளைக்கு உறவுமுறைச் சொல் எது, பெயர் எது என்று யார் சொல்லிக்கொடுத்தது? நாள்தோறும் கேட்டதைப் பெயரென்று எடுத்துக்கொண்டாள்.

கார் காட்டுப் பாதையில் ஏறும்போது யாழினி பின்னிருக்கையில் தேங்காய்ப் பாதியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிரியந்தினியின் வாய் தன்னையறியாமல் முணுமுணுத்தது: மொயிரிஹாரீன்.

"என்னங்கோ?" என்றார் வண்டியோட்டிய டெஸ்.

"டெஸ், அது பேரே இல்லாட்டி?"

"எது?"

"மொரியார்ட்டி."

டெஸ் வேகத்தைக் குறைத்து அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த ஆண்டுகளில் அயர்லாந்தில் வேலை வற்றிப்போயிருந்தது. இளம் மருத்துவமனைத் தாதிகள் கூட்டமாகச் சிட்னிக்கு வந்தார்கள். வெஸ்ட்மீட்டின் ஏழாம் மாடியில் குரோன்யா என்றொருத்தி இருந்தாள். கெரிக் கடற்கரையில் இன்னும் பழைய மொழி பேசும் ஊர்க்காரி. கோயிலிலிருந்து வந்த அன்று மாலையே பிரியந்தினி மாமியை அந்த மன்றாட்டைச் சொல்லவைத்து, அந்த வரியை மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் தமிழெழுத்தில் எழுதிக்கொண்டாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் கை தானாகவே மொரியார்ட்டி என்று எழுதியிருக்கும். தமிழெழுத்துக்கு மொரியார்ட்டியைத் தெரியாது. கேட்டதை மட்டும் பிடித்தது.

மறுநாள் மருந்து வாங்க வந்த குரோன்யாவுக்கு அதை எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினாள். அவள் முகம் மாறியது.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

சொன்னாள்.

"இது ஆர் சொன்னது?"

"என்ரை மாமியின்ரை அப்பா. என்ன கருத்து?"

"'ஏர் சொன்' எண்டா 'அவருக்காக'. 'மொ' எண்டா 'என்ரை'. மிச்சம்..." குரோன்யா ஒருகணம் சரியான சொல்லைத் தேடினாள். "'சின்னச் சகோதரன்.' செல்லமாய்ச் சொல்லுறது. என்ரை அப்பாவும் சித்தப்பாவை அப்பிடித்தான் கூப்பிடுறவர்."

ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல் தேவைப்பட்டதற்குத் தமிழில் ஒன்றே போதும் என்று பிரியந்தினிக்குத் தோன்றியது. தம்பி.

மருந்தகத்தில் இரண்டாவது கண் பாராமல் எதுவும் வெளியே போகாது. அந்த வழக்கத்தின்படி, குரோன்யாவைக் கெஞ்சி, ஊரிலிருக்கும் அவள் தந்தையைத் தொலைபேசியில் அழைக்கவைத்தாள். அங்கே விடிகாலை. தூக்கக் கலக்கத்தில் அந்த மனிதர் ஒலிபெருக்கியில் சொன்னது அதே ஒலி, அதே பொருள். பிறகு யாரோ செத்துவிட்டார்களோ என்று பதறினார்.

சொல்வதா விடுவதா என்பதுதான் அடுத்த சிக்கல். டெஸ் விட்டுவிடச் சொன்னார்.

"அம்மாவுக்கு எண்பத்துநாலு வயசுங்கோ. தங்கச்சியைத் துரத்தினது ஒரு பிழையான சொல்லாலை எண்டு தெரிஞ்சா, அவ தாங்குவாவோ?"

"தெரியாமல் ஐலீன் அன்ரி செத்தா, அதைத் தாங்குவாவோ?"

மருந்தகத்தில் அடுத்த மேசையில் வேலைபார்த்த லுப்னா, கல்முனைக்காரி, கதை முழுவதையும் கேட்டுவிட்டு வேறொரு பக்கத்தைப் பிடித்தாள்.

"ராத்தா, அந்த மனிசன் அவ்வளவு காலமும் தம்பிக்கு துஆ கேட்டிரிக்காரு. கேட்டது தம்பிக்கிண்டு அவர்ர சொந்தப் புள்ளைக்கே தெரியாம இரிக்கி. நீங்க சொல்லாட்டி வேற யாரு சொல்ற?"

அந்தச் சனிக்கிழமை பிரியந்தினி மாமியோடு குசினி மேசையில் உருளைக்கிழங்கு உரித்தாள். சுற்றிவளைக்கவில்லை, கோயிலில் யாழினி அடம்பிடித்ததில் தொடங்கி, குரோன்யாவின் தந்தை பதறியதுவரை நடந்த ஒழுங்கிலேயே சொன்னாள். நோரீனின் கத்தி நிற்கவில்லை. ஒரே சீராகத் தோல் சுருண்டு விழுந்துகொண்டிருந்தது.

"விசர்க் கதை" என்றார் முடிவில். "எனக்குக் காது பிழைக்காது."

"காது பிழைக்கேல்லை மாமி. நீங்கள் கேட்டதை அப்பிடியே பிசகாமல் எழுபது வருசத்துக்கு மேலை வைச்சிருந்தியள். அதாலைதான் அந்தப் பிள்ளைக்கு விளங்கினது. கருத்துத்தான் ஆரும் சொல்லித்தரேல்லை."

நோரீன் உதட்டுக்குள் அந்த வரியைச் சொல்லிப் பார்த்தார். ஒருமுறை, பிறகு மிக மெதுவாக, ஒவ்வொரு துண்டாக. கத்தியைக் கீழே வைத்தார்.

"அவள் எடுத்தவள்" என்றார்.

"ஆர்?"

"ஐலீன். கலியாணம் முடிச்ச வருசம், நத்தார்ப் பெருநாளுக்கு முதல். மெல்பர்ன் நிலையத்துப் பெட்டை ஒருத்தியைப் பிடிச்சு என்ரை பலகைக்கே லைன் எடுத்திட்டாள். 'நோரீன், வைக்காதை, அது மொரியார்ட்டி இல்லை, அது...' எண்டாள்." நோரீன் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, மேசைக்கு மேலே இல்லாத ஒரு கம்பியைப் பிடுங்கினார். "மொரியார்ட்டி எண்ட சொல்லுக் காதிலை விழுந்ததும் இழுத்திட்டன். தன்ரை புருசனைப் பற்றித்தான் ஏதோ நியாயம் சொல்லுறாள் எண்டு நினைச்சன்."

"அப்ப அவவுக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்." நோரீன் கிழங்குத் தோலை ஒரு குவியலாக ஒதுக்கினார். பிறகு, அழுவார் என்று பிரியந்தினி எதிர்பார்த்த இடத்தில், ஒரு கேள்வி கேட்டார். "உன்ரை தம்பிக்கு என்ன பேர், பிள்ளை? பத்து வருசத்துக்கு மேலை ஒரே வீட்டிலை இருக்கிறம். எனக்கும் தெரியாது."

பிரியந்தினி உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "கோகுலன்" என்றாள்.

"கோ-கு-லன்" என்று நோரீன் திருப்பிச் சொன்னார். "சரியோ?"

"சரி மாமி."

"எங்கடை அப்பாவின்ரை தம்பிக்கும் ஒரு பேர் இருக்கவேணும். ஐலீனுக்குத் தெரிஞ்சிருக்கும். டெஸ்ஸைக் கூப்பிடு. கார் மெல்பர்ன் மட்டும் ஓடுமோ எண்டு கேள்."

கார் ஓடியது. வழியில் வாகா வாகாவில் ஓரிரவு தங்கி, ஏப்ரல் கடைசியில் ட்ருகனினாவை அடைந்தார்கள். பண்டகசாலைகளுக்குப் பின்னால் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். நட்டு ஒரு வருடம்கூட ஆகாத மரக்கன்றுகள் கம்புகளோடு கட்டப்பட்டு நின்றன. நோரீன் காருக்குள்ளேயே இரண்டுமுறை உதட்டுச்சாயம் பூசிக்கொண்டார். வாசலில் கிளேர் நின்றாள். உள்ளே, ஜன்னலோரம், முழங்காலில் போர்வையோடு ஐலீன் இருந்தார். அவர் முகத்தில் நோரீனின் மூக்கு அப்படியே இருந்தது.

இருவரும் பார்த்துக்கொண்டார்கள். ஐலீன் எழவில்லை, யாரும் கட்டிப்பிடிக்கவில்லை.

"கிழவியாய்ப் போனாய்" என்றார் ஐலீன்.

"உனக்கும் கண்ணாடி வீட்டிலை இருக்குத்தானே" என்றார் நோரீன். பிறகு, நின்றபடியே, "அவற்றை தம்பிக்கு என்ன பேர்?" என்று கேட்டார்.

ஐலீன் போர்வையை முழங்காலில் இழுத்துவிட்டார். "அப்ப கண்டுபிடிச்சிட்டாய். ஆர் சொன்னது?"

"என்ரை மருமகள்."

ஐலீன் பிரியந்தினியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துத் தலையசைத்தார். "கொன்னின்ரை அம்மாவும் அப்பாவின்ரை ஊர்தான், அந்தப் பாஷை தெரியும். கலியாணம் முடிச்சு முதல் கிழமையே அவ சொல்லிட்டா. பேரும் தெரியும், மிச்சக் கதையும் தெரியும். அண்டைக்கு நீ லைனை இழுத்தாப் பிறகு எனக்கும் ரோசம், திருப்பிச் சொல்லேல்லை. சொல்லுறன். ஆனா நீ முதல் சொல்லவேண்டியது ஒண்டு இருக்கு."

நோரீன் கைப்பையின் வாரை முறுக்கினார். "பிழை என்ரை" என்றார், தரையைப் பார்த்து.

"என்ன? கேக்கேல்லை."

"பிழை என்ரை எண்டு சொன்னன்."

"இந்தக் காது இப்ப சரியில்லை. கொஞ்சம் பலத்து."

கிளேர் பிரியந்தினியின் பக்கம் சாய்ந்து, "அவவின்ரை காதிலை ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டு ரீவியே அவவுக்குக் கேக்கும்" என்று கிசுகிசுத்தாள்.

"தெரியும்" என்றார் நோரீன், திரும்பாமலே. "சின்ன வயசிலும் இவள் இப்பிடித்தான்." பிறகு தலையை நிமிர்த்தி, இடியிலும் மழையிலும் வெளியூர்க்காரருக்கு இலக்கம் சொன்ன அந்தக் குரலில், ஜன்னல் கண்ணாடி அதிரச் சொன்னார்: "பிழை என்ரை! உன்ரை புருசனை நான் வாசலிலை வைச்சு அனுப்பியிருக்கக் கூடாது! நீ எடுத்தனீ, நான் இழுத்து வைச்சன்! போதுமோ?"

"போதும்" என்றார் ஐலீன். கன்னத்தை மட்டும் துடைத்துக்கொண்டார். "டானல். பேர் டானல். பத்தொன்பது வயசிலை செத்தவர்."

"எந்தப் பக்கம்?"

"மலைப் பக்கம். பச்சைச் சட்டை போட்டது அப்பா."

நோரீன் அப்போதுதான் உட்கார்ந்தார். தந்தை மலையில் ஒளிந்திருந்த வீரர் என்பதை அவர் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. மூன்று பாடங்களிலும் அது மாறாத வரி. "அப்பா அரசாங்கத்தின்ரை ஆளோ? அப்ப அந்தப் பெடியன் செத்த இடத்திலை அப்பாவும்..."

"டானலை ஒரு றோட்டுக்கரையிலை வைச்சுச் சுட்டவையாம். அப்பா அண்டைக்கு அங்கை நிண்டவரோ, இல்லையோ, கொன்னின்ரை அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லேல்லையோ என்னவோ. உன்னட்டைக் கேக்கலாம் எண்டுதான் அண்டைக்கு எடுத்தனான். நீ மூத்தவள், ஏதாலும் அறிஞ்சிருப்பாய் எண்டு."

"நான் அறிஞ்சதெல்லாம் மொரியார்ட்டி மட்டும்தான்."

முதலில் சிரித்தது ஐலீன். நோரீன் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. ஐலீனுக்கு மூச்சு வாங்கும்வரை இருவரும் சிரித்தார்கள். கிளேர் ஓடிவந்து மாத்திரையும் தண்ணீரும் கொடுக்க வேண்டியதாயிற்று. பிரியந்தினி அந்த மாத்திரையின் பெயரைப் பார்த்துவிட்டு, நாடியைப் பிடித்துப் பார்த்தாள். ஒழுங்கற்று ஓடியது. வால்வு மாற்ற மூன்று கிழமைதான் இருந்தது.

தேநீர் குடித்து, கேக் தின்று, பொழுது சாய்ந்தது. டெஸ் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு எழுந்து, "அப்ப, நாங்கள் போட்டு வாறம்" என்று எல்லோருக்கும் கைகூப்பினார். நோரீன் எழவில்லை.

"நீங்கள் போங்கோ" என்றார் மருமகளிடம். "என்ரை பெட்டியை இறக்கி வைச்சிட்டுப் போங்கோ. இவளின்ரை ஒப்பரேசன் முடியமட்டும் நான் இஞ்சைதான்."

"ஆர் உன்னை நிக்கச் சொன்னது?" என்றார் ஐலீன்.

நோரீன் காதருகே கையைக் குவித்துத் தங்கையின் பக்கம் சாய்ந்தார்.

"என்ன? கேக்கேல்லை."